செங்கல் உருவியவர்கள்: லெய்ஃபெங் கோபுரத்தை முன்வைத்து

சீனாவின் ஹாங்சோ நகரில், மேற்கு ஏரிக் கரையில் நின்றிருந்த லெய்ஃபெங் கோபுரம் 1924 செப்டம்பர் 25 அன்று சரிந்து விழுந்தது. பூகம்பம் எதுவும் இல்லை. அக்கம்பக்கத்து ஜனங்கள் வெகுகாலமாக அடிச்சுவரிலிருந்து ஒவ்வொரு செங்கல்லாக உருவிக்கொண்டு போயிருந்தார்கள். இந்த உருவலை எப்படி வாசிப்பது என்பதுதான் என் பிரச்சனை.

முதலில் பூர்வீகம். 10ஆம் நூற்றாண்டில் வூயுயே என்ற சிறு அரசின் மன்னன் சியான் சூ கட்டிய பௌத்தக் கோபுரம் இது. அசோகன் 84,000 ஸ்தூபிகள் எழுப்பிய கதை அவனைப் பிடித்து ஆட்டியிருக்கிறது. துளையிட்ட செங்கற்களுக்குள் வைக்கப்பட்ட அச்சுச் சூத்திரச் சுருள்கள், மன்னன் 84,000 படிகள் செய்வித்ததாக 975ஆம் ஆண்டுத் தேதியோடு சொல்கின்றன. 978இல் அவன் நாட்டையே சோங் பேரரசிடம் ஒப்படைத்தான். ராஜ்யம் போயிற்று, கோபுரம் நின்றது. 16ஆம் நூற்றாண்டில் மரப்பகுதிகள் தீயில் போக, மிஞ்சியது செங்கல் உடம்பு மட்டும்.

ஜனங்களின் மனசிலோ அது ஒரு பெண்ணின் சிறை. மனுஷியாக உருவெடுத்த வெண்பாம்பு, சூ சியான் என்பவனை மணக்கிறாள். ஃபாஹாய் என்ற பிக்கு அவளைப் பிடித்துக் கோபுரத்தடியில் அடைக்கிறான். 1624இல் ஃபெங் மெங்லொங் வெளியிட்ட கதையில் அவள் அச்சுறுத்தும் மோகினி. பிற்கால நாடகங்களில் அன்பான மனைவி, தாய். பிக்குவின் பக்கம் நின்ற பிரதியை ஜனங்கள் அவள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள் என்றே நான் வாசிக்கிறேன். தண்டனைக்குப் பயந்த பிக்கு நண்டு ஓட்டுக்குள் போய் ஒளிந்துகொண்டான் என்று ஒரு கதையும் கட்டிவிட்டார்கள்.

பாட்டியிடம் இந்தக் கதை கேட்டு வளர்ந்த லூ சுன், கோபுரம் விழுந்த மறுமாதமே சந்தோஷமாக ஒரு கட்டுரை எழுதினார். 1925 பிப்ரவரியில் மறுபடி எழுதியபோது அந்தச் சந்தோஷம் இல்லை. செங்கல் வீட்டிலிருந்தால் கெடுதி விலகும் என்று எடுத்துப்போனவர்கள் கலகக்காரர்கள் அல்ல என்கிறார். புதிதாகக் கட்ட இடிப்பவன் வேறு, கொள்ளைக்காரன் வேறு, அற்ப லாபத்துக்காகச் சுரண்டும் அடிமை வேறு. பின்னிரண்டு பேரும் விட்டுப்போவது வெறும் இடிபாடுதான்.

இங்கே எனக்கு லூ சுன்னோடு கொஞ்சம் தகராறு உண்டு. செங்கல்லை உருவிய ஜனங்களும் பாம்புப் பெண்ணுக்காக அழுத ஜனங்களும் வேறு வேறல்ல. கதையில் அவள் பக்கம் நின்றவர்களுக்குக் கையிலிருந்த செங்கல் ஏன் வெறும் தாயத்தாகவே தெரிந்தது? அடிமைப் புத்தி என்று ஒரு வார்த்தையில் இதை முடித்துவிட முடியாது. கதையையும் கையையும் இணைக்கும் அரசியல் அங்கே இல்லை. 1950களில் தியான் ஹான் எழுதிய இசைநாடகத்தில் தோழி சியாவ்சிங் திரும்பி வந்து கோபுரத்தை அழித்து அவளை மீட்கிறாள். மேடையில் அது நடந்தது. அதை எழுதிய தியான் ஹானோ கலாச்சாரப் புரட்சியில் சிறைப்பட்டு, 1968இல் காவலிலேயே செத்துப்போனார்.

2002இல் அதே இடத்தில் எஃகுச் சட்டத்தில் புதுக் கோபுரம் திறந்தார்கள். உள்ளே லிஃப்ட் உண்டு. வெண்பாம்பின் கதை மரச்சிற்பமாக இருக்கிறது. பழைய இடிபாட்டைக் கண்ணாடி போட்டுக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். வருகிறவர்கள் அதன்மேல் காசு எறிந்து வேண்டிக்கொள்கிறார்கள். அன்று செங்கல்லை எடுத்தார்கள், இன்று காசைப் போடுகிறார்கள்; வேண்டுதல் அதேதான். அவளை அடைத்த கோபுரத்துக்கு இப்போது அவள் கதையே அலங்காரம்.