மூலக்கல ஆராய்ச்சியும் அறநெறியும்

மானிட உடலின் கலங்கள் யாவும் ஒரு கருக்கலத்தினின்றே பெருகியவை. தோலாகவோ நரம்பாகவோ உருவெடுத்த கலம் பின்னர் வேறொன்றாதல் இயல்பன்று. ஆயின், இன்ன உறுப்பென வரையறைப்படாது, பெருகவும் வேறுபடவும் வல்ல கலங்களும் சில உள. இவற்றை மூலக்கலங்கள் என்பர். தமிழகத்தார் குருத்தணுக்கள் என வழங்குவர். என்பு மச்சையிலுள்ள மூலக்கலங்களைக் கொண்டு குருதிப் புற்றுநோய்க்குச் சிகிச்சை செய்யும் முறை பல்லாண்டுகளாக நிலவுகின்றது. அதன்மேற் பெரிதும் வழக்கு எழுந்ததில்லை.

வழக்கு எழுந்தது 1998 ஆம் ஆண்டின் பின்னராகும். அவ்வாண்டில் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்து யேம்ஸ் தொம்சன் என்பார் மானிட முளையத்தினின்று மூலக்கலங்களைப் பிரித்து வளர்த்தார். அம்முளையங்கள் செயற்கைக் கருக்கட்டலின்போது எஞ்சியவை. சில நாட்களே வளர்ந்தவை. எனினும் கலங்களைப் பிரிக்குங்கால் முளையம் அழிந்துவிடும். அழிவது ஓர் உயிரோ, உயிராகத் தக்கதொரு பொருளோ என்பதே வினா. 2001 இல் சனாதிபதி புஷ், ஏலவே பெறப்பட்ட கலங்களைக்கொண்டு நிகழும் ஆராய்ச்சிக்கு மட்டுமே அரச பணம் வழங்கலாம் என்றார். 2009 இல் ஒபாமா அத்தடையை அகற்றினார். பிரித்தானியாவிலோ 1984 இல் வெளிவந்த வார்னொக் அறிக்கை பதினான்கு நாள் என்னும் எல்லையை வகுத்தது. முதுகந்தண்டின் திசையைக் காட்டும் முதற்கீறு முளையத்தில் அக்காலத்திலேயே தோன்றும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இவ்வெல்லையையே கொண்டுள்ளது.

இந்து சமயத்தில் இதுபற்றித் தீர்ப்புக் கூறும் தனித் தலைமைப்பீடம் இல்லை. கருவழித்தல் பெரும் பாவமென அறநூல்கள் விலக்கின. ததீசி முனிவர் தம் என்பினை ஈந்தார். சிபி தன் தசையை அரிந்தான். கண்ணப்பர் தம் கண்ணை அப்பினார். இவற்றைக் காட்டி ஆராய்ச்சிக்கு ஆதரவு தேடுவார் உளர். ஆயினும் அவர்கள் ஈந்தது தம் உடலையேயன்றிப் பிறிதோர் உடலையன்று என்பதை மறத்தலாகாது. முளையம் தன்னை ஈவதாகச் சொல்ல வல்லதன்று. மறுபுறம், எஞ்சிய முளையங்கள் எறியப்படவே உள்ளன. எறிவதினும் நோயாளர்க்குப் பயன்படுத்துதல் நன்றன்றோ என்னும் வாதமும் எளிதில் தள்ளத்தக்கதன்று.

இப்பூசலை ஓரளவு தணித்தவர் யப்பானியரான சின்யா யமனாக்கா. 2006 இல் எலியின் தோற்கலங்களையும், அடுத்த ஆண்டு மானிடக் கலங்களையும் மூலக்கல நிலைக்கு மீட்டார். 2012 இல் நோபெல் பரிசில் பங்கு பெற்றார். இம்முறையில் முளையம் அழிவதில்லை.

நம்மவரை இன்று நேரே தொடும் சிக்கல் வேறு. கொழும்புத்துறை முதலிய ஊர்களினின்று சென்னைக்கு வைத்தியம் நாடிச் செல்லும் வழக்கம் நெடுநாளையது. பாரிசவாதம், மூளை வளர்ச்சிக் குறைபாடு ஆகியவற்றை மூலக்கலங்களாற் போக்குவோம் எனப் பெரும்பணம் பெறுவார் பல நாடுகளிலும் உளர். குருதி நோய்கள் சிலவற்றுக்கன்றிப் பிறவற்றுக்கு, அனுமதிபெற்ற பரிசோதனைக்குப் புறம்பே இச்சிகிச்சை அளித்தல் முறையன்று என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017 ஆம் ஆண்டு நெறிமுறையில் வரைந்துள்ளது. முறையான பரிசோதனையிற் பங்குபற்றும் நோயாளரிடம் அச்சிகிச்சைக்கெனக் கட்டணம் பெறுதலும் கூடாது.