அண்டை வெட்டும்போது நெஞ்சு வலிக்கிறதா?

உரம், பூச்சிமருந்து என்று பேசுகிறவன் இன்று நெஞ்சுவலியைப் பற்றிப் பேசுகிறேனே என்று பார்க்காதீர்கள். இதுவும் பாசன விஷயம்தான்.

எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர். அண்டை வெட்டும்போது நெஞ்சில் பாறாங்கல்லை வைத்த மாதிரி இருக்குமாம். வரப்பில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்தால் போய்விடுமாம். "வாய்வு தம்பி, ஒரு சோடா குடிச்சா சரியாப் போயிடும்" என்பார். மூன்று மாதம் இப்படியே ஓட்டினார்.

இதயத்துக்குள்தான் எந்நேரமும் ரத்தம் இருக்கிறதே, அதற்கு ஏது பஞ்சம் என்று கேட்பீர்கள். கிணறு நிறையத் தண்ணீர் இருந்தாலும் வாய்க்கால் இல்லாமல் பயிருக்குப் பாயுமா? இதயத் தசைக்கென்று தனியாக இரண்டு ரத்தக்குழாய்கள் பிரிந்து போகின்றன. நிமிஷத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை இறைக்கும் இதயம் தனக்கென்று எடுத்துக்கொள்வது கால் லிட்டர்தான். கடும் வேலையின்போது அதைப்போல மூன்று, நான்கு மடங்கு வேண்டும்.

பீடி, சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு இவற்றால் அந்தக் குழாய்களின் சுவரில் வருஷக்கணக்கில் கொழுப்புப் படிந்து வழி ஒடுங்குகிறது. சும்மா இருக்கும்போது அதுவே போதும். மண்வெட்டியைப் பிடித்தால் கடைமடைக்கு எட்டாது, வலிக்கும். உட்கார்ந்தால் தேவை குறையும், வலியும் போகும். வேலையோடு வந்து ஓய்வோடு போகிற வலியை வாய்வு என்று தள்ளிவிடாதீர்கள். இன்னொன்று, படுக்கவைத்து எடுக்கும் ஈ.சி.ஜி. சரியாகவே இருக்கலாம். ஆகவே, எந்த வேலை செய்தால் வலிக்கிறது என்பதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

நான்காம் மாதம் ஒரு விடியற்காலை, பெரியவருக்குப் படுத்திருக்கும்போதே வலி வந்தது. இடது கை, தாடை வரை இழுத்தது. உடம்பெல்லாம் சில்லென்று வேர்த்தது. கொழுப்புப் படிந்த இடம் வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து, குழாயே அடைத்துக்கொண்டது. சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமல் வேர்வையும் மூச்சிரைப்பும் மட்டும் வரலாம்.

காய்ந்து செத்த பயிருக்குத் தண்ணீர் விட்டுப் பயன் உண்டா? தசையும் அப்படித்தான். ஓமத்தண்ணீர் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. நோயாளியை நடக்கவிடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டில் 2023-இல் வந்த 'இதயம் காப்போம்' திட்டப்படி, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் வேளை மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள்.

பெரியவர் சோடாதான் கேட்டார். மகள் கேட்கவில்லை, வண்டியை வரவழைத்துவிட்டாள். பிழைத்தார். இப்போது அண்டை வெட்ட ஆள் வைத்திருக்கிறார். பீடிக்கட்டு மட்டும் இன்னும் எரவாணத்தில் இருப்பதாகக் கேள்வி.