கூலி கேளாத உழவர்

இடம்பெயர்ந்து பல ஆண்டுகளின் பின் காணிக்குத் திரும்புவோர் முதலில் பற்றையை வெட்டி நெருப்பு வைப்பதுண்டு. அதற்கு முன் ஒரு மண்வெட்டி மண்ணைப் பிரட்டிப் பாருங்கள். மண்புழு நெளிகிறதா?

அது சருகைத் தின்று மண்ணோடு கலந்து எச்சமாக்கும். அவ்வெச்சம் பயிருக்குப் பசளை. அது துளைத்த வழியால் மழைநீர் உள்ளிறங்கும். வேருக்குக் காற்றுக் கிடைக்கும். இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஓர் ஏக்கரில் ஆண்டுக்கு 10 தொன்னுக்கு மேற்பட்ட மண் புழுக்களின் உடலினூடாகச் செல்கிறது என சார்ள்ஸ் டார்வின் 1881இல் எழுதினார்.

சருகை எரித்தால் புழுவின் உணவே சாம்பலாகிவிடும். ஆகவே வெட்டிய பற்றையின் இலைகளைப் பாத்திக்கு மூடாக்காக இடுங்கள். யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் செய்வதுபோலப் பூவரசங்குழையை மண்ணில் புதையுங்கள். ஈரமும் நிழலும் உணவும் இருந்தால் புழு தானாகவே பெருகும். மண்ணும் மெல்ல மெல்லத் தேறும்.