சோழமண்டலம்: கடற்கரையில் ஓர் ஓவியர் கிராமம்

மொன்றியலிலிருந்து விடுமுறைக்குச் சென்னை செல்லும் நம்மவர் எவரும் மாமல்லபுரத்தைப் பாராமல் திரும்புவதில்லை. கபாலீசுவரரைத் தரிசித்து, தியாகராய நகரில் பட்டு எடுத்து, ஒரு நாளை ஒதுக்கி, வாடகைக் காரில் கடலோரமாகத் தெற்கே போவது வழக்கமாகிவிட்டது. அந்த வழியில், நகரம் தீர்ந்துவிட்டதோ என்று நினைக்கும் இடத்தில், ஈஞ்சம்பாக்கம் என்ற ஊர் வரும். சாலையின் ஓரத்தில் ‘சோழமண்டலம்’ என்ற பெயர்ப் பலகை தெரியும். நூறில் தொண்ணூறு கார்கள் நிற்பதில்லை. சாரதிகள் முதலைப் பண்ணையைக் காட்டுவார்கள், இதைக் காட்டமாட்டார்கள்.

அந்தப் பலகைக்குப் பின்னால் இருப்பது ஓவியர்களும் சிற்பிகளும் தங்கள் கைப்பணத்தில் வாங்கிய நிலத்தில் தாமே அமைத்துக்கொண்ட குடியிருப்பு. 1966 ஆம் ஆண்டில் தொடங்கியது. அரசாங்கம் கொடுத்த காணியன்று. மகாராசாக்கள் எழுதிவைத்த மானியமுமன்று. ‘சித்திரம் வரைந்தால் சோறு கிடைக்குமா?’ என்ற கேள்விக்குச் சில இளைஞர் சேர்ந்து கண்ட விடை அது. அந்தக் கேள்வி இன்று நம் வீடுகளிலும் கேட்கப்படுவதால், அவர்கள் கதையைச் சற்று விரிவாகச் சொல்வதில் தவறில்லை.

சென்னையில் ஓவியக் கல்விக்கு வயது அதிகம். 1850 இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்பவர் அங்கு ஒரு கலைப் பள்ளியைத் தொடங்கினார். அவர் தொழிலால் ஓர் அறுவை வைத்தியர் என்பது மருத்துவ உலகினர் பெருமைப்பட்டுக்கொள்ளக்கூடிய செய்தி. நாற்காலி, மட்பாண்டம், நகைவேலை என்று தொழில் பயிற்றும் இடமாகவே அது நெடுங்காலம் நடந்தது. 1929 இல் வங்காளத்துச் சிற்பி தேவி பிரசாத் ராய் சௌதுரி தலைமைப் பொறுப்பை ஏற்றார். மெரினாவில் பாறையை நெம்பி நிற்கும் உழைப்பாளர் சிலையும், அதே கடற்கரையிலுள்ள காந்தி சிலையும் அவர் செய்தவை. அவரிடம் படித்து, அவருக்குப் பின் 1957 இல் அப்பொறுப்பை ஏற்றவர் கே. சி. எஸ். பணிக்கர்.

பணிக்கர் 1911 இல் கோயம்புத்தூரில், மலையாளக் குடும்பத்தில் பிறந்தவர். குடும்பச் சுமையால் படிப்பை இடையில் நிறுத்தித் தந்தி இலாகாவில் வேலை பார்த்தவர். ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தபோது ஆண்டு 1936, வயது இருபத்தைந்து. உத்தியோகம் என்றால் என்ன, மாதச் சம்பளம் என்றால் என்ன என்பதை அறிந்த பின்னரே தூரிகையைப் பிடித்தவர் என்பதால், மாணவர்களின் வயிற்றுப்பாட்டை அவர் ஒருநாளும் சிறிதாக எண்ணவில்லை. 1944 இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைச் சென்னையில் நிறுவினார். அதற்கு ஓராண்டு முன்புதான் கொழும்பில் லயனல் வென்ட், ஜோர்ஜ் கீற் முதலானோர் சேர்ந்து ‘43 குழு’வை அமைத்திருந்தனர். கடலின் இரு கரைகளிலும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் ஒரே வகையான அமைதியின்மை இருந்திருக்கிறது.

1954 இல் பணிக்கர் லண்டனிலும் பாரிசிலும் தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். ஐரோப்பாவின் புதிய ஓவியத்தை நேரிற் கண்டு திரும்பியபின், ‘நாம் வரைவதில் நம்முடையது எது?’ என்ற கேள்வி அவரை விடவில்லை. அதற்கு அவர் கண்ட விடை 1963 முதல் வரைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற வரிசை. மலையாள எழுத்தைப் போன்ற வரிகள், சாதகக் கட்டங்கள், கணக்குக் குறிகள், யந்திரம் போன்ற கோலங்கள் யாவும் ஒரே பரப்பில் நெருக்கமாக இருக்கும். எழுத்துப் போலத் தோன்றும். வாசிக்க முனைந்தால் பொருள் தராது. பழைய ஏட்டுக் கட்டொன்றைத் தாத்தாவின் பெட்டியில் கண்டெடுத்த பேரனுக்கு எப்படியிருக்குமோ அப்படியிருக்கும். அந்த மொழி தெரியாது, ஆனால் தன் வீட்டுடையது என்று தெரியும். கனடாவில் பிறந்த நம் பிள்ளைகளுக்கு இந்த ஓவியங்கள் விளங்குவதற்குத் தனி விளக்கம் தேவையில்லை என்றே தோன்றுகிறது.

ஆனால் அக்காலச் சென்னையில் இத்தகைய படத்தை வாங்குவோர் இல்லை. காட்சிக்கூடங்கள் இல்லை என்றே சொல்லலாம். சங்கீத சபைகளுக்குக் குறைவில்லாத நகரம், ஓவியத்துக்கு ஒரு சுவரைக் கொடுக்க யோசித்தது. கல்லூரியை விட்டு வெளியேறியவனுக்கு இருந்த வழிகள் சில: விளம்பர நிறுவனம், சினிமா, பள்ளிக்கூடத்தில் சித்திர ஆசிரியர் வேலை, அல்லது ஓவியத்தோடு சம்பந்தமேயில்லாத எழுதுவினைஞர் பதவி. திறமையுள்ளவன் ஐந்தாண்டில் தூரிகையை மறந்துவிடுவான்.

இங்கேதான் பணிக்கரும் மாணவர்களும் ஒரு கணக்குப் போட்டனர். ஓவியம் விற்காது, கைவேலை விற்கும். ஆகவே கைவேலை செய்து வயிற்றைப் பார்த்துக்கொள்வது, மிஞ்சிய நேரத்தில் ஒருவருக்கும் கட்டுப்படாமல் ஓவியம் வரைவது. இதற்காக ஒரு கைவினைச் சங்கத்தை அமைத்தார்கள். முக்கியமான பண்டம் பாத்திக் துணி. உருக்கிய மெழுகைத் துணியில் கோடாக இட்டுச் சாயத்தில் தோய்த்தால் மெழுகுள்ள இடத்தில் சாயம் பிடிக்காது. மறுபடி மெழுகு, மறுபடி சாயம், இறுதியில் கொதிநீரில் மெழுகை நீக்கல். இந்தத் தொழில் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு நன்கு பழக்கமானது. தேர்ந்த ஓவியர்களின் கைபட்ட துணி என்பதால் நல்ல விலைக்குப் போனது. அந்த வருமானத்தில் ஒரு பகுதியைச் சேர்த்துவைத்து வாங்கியதே ஈஞ்சம்பாக்கத்து நிலம்.

அன்று அங்கிருந்தவை மணல், சவுக்குத் தோப்பு, பக்கத்தில் மீனவர் குப்பம், எதிரே வங்கக் கடல். நிலத்தில் ஒரு பகுதி உறுப்பினருக்குத் தனித்தனி மனைகளாயிற்று. மற்றது பட்டறை, காட்சிக்கூடம், திறந்தவெளி அரங்கு எனப் பொதுவாக வைக்கப்பட்டது. ஐரோப்பியர் நாவில் ‘கொரமண்டல்’ என்று திரிந்த கரையின் பழம்பெயரான சோழமண்டலத்தையே ஊருக்கு இட்டார்கள். 1967 இல் கல்லூரிப் பொறுப்பிலிருந்து ஓய்வுபெற்ற பணிக்கர், 1977 இல் காலமாகும் வரை அந்தக் கிராமத்துக்கு மூத்தவராக இருந்தார்.

அங்கு விளைந்ததில் கோயிலை நேசிப்போர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பி. வி. ஜானகிராம் செம்புத் தகட்டை அடித்தும் ஒட்டவைத்தும் உருவங்கள் செய்தார். மூலவருக்குச் சாத்தும் கவசத்தைப் பார்த்தவர்கள் அந்த வேலையின் பரம்பரையை உடனே கண்டுகொள்வர். பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபாலின் உலோகச் சிற்பங்கள் கிராமத் தேவதைகளைப் போல நேர்முகமாக நிற்பவை. பின்புறத்தைப் பற்றிக் கவலைப்படாதவை. கே. வி. ஹரிதாசன் தாந்திரீகக் கோலங்களிலிருந்து தம் வண்ணங்களை எடுத்தார். ஜே. சுல்தான் அலி, பெயரைக் கேட்டவுடன் நாம் எதிர்பாராதபடி, இடபங்களையும் புராண உருவங்களையும் பழங்குடி மக்களின் சித்திர முறைகளோடு கலந்து வரைந்தார். இவர்களில் எவரும் பக்திப் படம் போட முயலவில்லை. ஆயினும் நம் பூசை அறையில் தொங்கும் நாட்காட்டிப் படங்களைவிட இவை பழைய கோயிற் சிற்பிக்கு நெருங்கிய உறவு என்பதில் ஐயமில்லை.

எல்லாம் சுகமாக நடந்தது என்று எழுதினால் அது பொய்யாகும். கே. ராமானுஜம் என்ற இளைஞர் கறுப்பு மையில் மாளிகைகளும் பறவைகளும் பாம்புகளும் தேவகன்னியரும் நிறைந்த கனவு நகரங்களை வரைந்தார். அவற்றுள் தொப்பி அணிந்த ஒரு சிறு மனிதனாகத் தம்மையும் வைத்துக்கொண்டார். பேச்சுத் திணறலும் மன நோயும் அவரை வாட்டின. வெளியுலகில் ஓர் உத்தியோகமும் பார்த்திருக்க இயலாத அவருக்குச் சோழமண்டலம் வேலையும் கூரையும் கொடுத்தது. அது போதவில்லை. 1973 இல், முப்பதுகளின் தொடக்கத்தில், தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். இன்று அந்த வரைபடங்களைச் சேகரிப்போர் தேடி அலைகிறார்கள். நல்ல நண்பர்களும் நல்ல தொழிலும் இருந்தால் மன நோய் தானாக விலகிவிடும் என்று நம்மிடையே இன்னும் நம்புவோர் உண்டு. ராமானுஜத்துக்கு இரண்டும் இருந்தன.

வேறு சிலர் புறப்பட்டுப் போனார்கள். தொடக்க உறுப்பினரான விசுவநாதன் 1968 இல் பாரிசுக்குச் சென்று அங்கேயே தங்கிவிட்டார். எஸ். ஜி. வாசுதேவ் பின்னர் பெங்களூருக்குப் போனார். சென்னையின் ஓவியர் அனைவரும் அக்கிராமத்தில் குடியேறினர் என்றும் எண்ணக்கூடாது. நம் வாசகர்களில் பலர் பெயரறியாமலே ரசித்திருக்கும் கே. எம். ஆதிமூலம் நகரத்திலேயே வாழ்ந்தவர். ஞானக்கூத்தனின் ‘அன்று வேறு கிழமை’ 1973 இல் வெளிவந்தபோது அதற்குக் கோட்டோவியம் வரைந்தவர் அவரே, கி. ராஜநாராயணனின் கரிசல் காட்டுக் கடுதாசி ஜூனியர் விகடனில் வந்தபோதும் அவர் கோடுகள் உடன் வந்தன. புதிய ஓவியத்தைத் தமிழ் வீட்டுக்குள் கொண்டுபோனது காட்சிக்கூடமன்று, வாரப் பத்திரிகைதான்.

மொன்றியலுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு, அது நம் காலடியிலேயே கிடக்கிறது. 1948 இல் போல்-எமில் போர்துவா என்ற ஓவிய ஆசிரியரும் பதினைந்து தோழர்களும் ‘ரெஃப்யூ குளோபால்’ என்ற அறிக்கையை நானூறு பிரதிகள் வெளியிட்டனர். கியூபெக்கின் அன்றைய கட்டுப்பாடுகளை மறுத்த அந்த ஏட்டுக்காகப் போர்துவா தம் ஆசிரிய வேலையை இழந்தார். அதில் கையெழுத்திட்ட பெண்களில் ஒருவர் மார்செல் ஃபெரோன். பழைய கியூபெக் துரத்திய கூட்டத்தைப் புதிய கியூபெக் அழைத்தது. பொதுக் கட்டடம் கட்டும்போது செலவில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கு கலைக்கு என்ற கொள்கை இங்கு 1961 இல் வந்தது. சோழமண்டலம் தொடங்கிய அதே 1966 இல் மொன்றியல் மெட்ரோ ஓடத் தொடங்கியது. 1968 இல் சாம்ப்-ட-மார்ஸ் நிலையத்தில் ஃபெரோனின் வண்ணக் கண்ணாடிச் சுவர் எழுந்தது. பக்கத்திலுள்ள பெரிய வைத்தியசாலைக்கு நோயாளியைப் பார்க்கப் போகும் நம்மவர் பலர் அதன் நீலத்தையும் சிவப்பையும் தாண்டித்தான் நடக்கிறார்கள்.

கியூபெக்கில் சமுதாயம் திருந்திச் சுவரைக் கொடுத்தது. சென்னையில் அதற்காகக் காத்திராமல் ஓவியர்களே சுவரைக் கட்டினார்கள். புலம்பெயர்ந்து வந்து, பனிக்காலத்தில் அடித்தள அறைகளிலும் வாடகை மண்டபங்களிலும் பூசை செய்து, ஐந்து டொலர், பத்து டொலராகச் சேர்த்துக் கோயில் எழுப்பியவர்களுக்கு இரண்டாவது வழியே பழகிய வழி. ஆனால் நம் கணக்கில் கோயிலுக்கு இடமிருந்தது, சங்கீத வகுப்புக்கும் பரத வகுப்புக்கும் இடமிருந்தது. ஓவியத்துக்கு இன்னும் இடம் வரவில்லை. அரங்கேற்றத்துக்குப் பல்லாயிரம் செலவிடும் குடும்பத்தில், மகள் ஓவியக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கப் போகிறேன் என்றால் வீடே துக்க வீடாகிவிடுகிறது. பரதம் பொழுதுபோக்காக நின்றுவிடும் என்ற நம்பிக்கையில் செலவழிக்கிறோம் போலும். அந்தப் பெற்றோருக்குச் சொல்லக்கூடியது இது: பணிக்கர் தம் மாணவர்களைப் பட்டினி கிடக்கச் சொல்லவில்லை, வேலையை விடவும் சொல்லவில்லை. எந்த வேலை செய்தால் கை பழுதாகாமல் இருக்கும் என்று சேர்ந்து யோசித்தார். பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து யோசிக்கலாம்.

சவுக்குத் தோப்பு இருந்த இடத்தைச் சுற்றி இன்று மாடி வீடுகள். நிலத்தின் விலை, பாத்திக் விற்று வாங்கியவர்கள் கனவிலும் நினைத்திராதது. நந்தகோபால் 2017 இல் மறைந்தார். 2009 இல் திறந்த காட்சிக்கூடத்தில் பணிக்கர் முதல் அந்தத் தலைமுறையினர் பலருடைய படைப்புகள் ஒரே கூரையின் கீழ் உள்ளன. வெளியே மரநிழலில் சிற்பங்கள் நிற்கின்றன. மாமல்லபுரத்துக்குப் போகும்போதே இறங்கிவிடுவது நல்லது. திரும்பும்போது பிள்ளைகள் காரில் தூங்கிவிடுவார்கள்.