முந்நூற்று முப்பத்திரண்டு யார் வீட்டுப் பிள்ளை?

விழுப்புரத்தில் போய், "பாண்டி ரோடு எது?" என்று கேளுங்கள். ஒரு ரோட்டைக் காட்டுவார்கள். கடலூரில் கேளுங்கள், வேறொரு ரோட்டைக் காட்டுவார்கள். திண்டிவனத்தில் கேட்டாலோ மூன்றாவதாக ஒன்றைக் காட்டுவார்கள். மூன்று ஊர்க்காரர்கள் சொல்வதும் சரிதான். மூன்றுமே பாண்டிக்குத்தான் போகின்றன. ஆனால், விழுப்புரத்தார் "பாண்டி ரோடு" என்று காட்டிய அதே ரோட்டில் கிழக்கே வந்து வில்லியனூரில் இறங்கி விசாரித்தால், "இதுவா? இது விழுப்புரம் ரோடு!" என்பார்கள்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நம் பெண்களுக்கு நடப்பதுதான் ரோட்டுக்கும் நடக்கிறது. வில்லியனூரில் பிறந்து பாகூரில் வாழ்க்கைப்பட்டவளைப் பாகூரில் "வில்லியனூர்க்காரி" என்பார்கள். ஆடிக்குத் தாய் வீடு வந்தால், "பாகூர்க்காரி வந்திருக்கிறாளே!" என்று கேலி செய்வார்கள். எந்த ஊரில் இருக்கிறாளோ அந்த ஊர்ப் பெயர் மட்டும் அவளுக்குக் கிடையாது!

ஊருக்குள் பேசிக்கொள்ள இது போதும். ஆனால் சர்க்கார் காகிதத்தில் எழுதும்போது ஒரு ரோட்டுக்கு ஒரே பெயர் வேண்டாமா? அதற்காகத்தான் எண். வில்லியனூர் வழியாகப் போகும் அந்த ரோட்டுக்கு இன்றைய எண் 332. ஏதோ லாட்டரிச் சீட்டு எண் மாதிரித் தோன்றுகிறது அல்லவா? அப்படியில்லை. அதற்குள் ஒரு வம்சாவளியே இருக்கிறது.

நம் நாட்டில் தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் வந்தது 1956-இல். அப்போது புதுச்சேரி இந்தியாவின் நிர்வாகத்துக்கு வந்துவிட்டது. ஆனால் சட்டப்படி முழுதாகச் சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதிதான். அந்தக் காலத்து எண்களுக்குத் திசைக் கணக்கு எதுவும் கிடையாது. சென்னையிலிருந்து திருச்சி வழியாகத் திண்டுக்கல் போவது 45. பம்பாய்ப் பக்கமிருந்து சென்னைக்கு வருவது 4. காசியிலிருந்து கன்னியாகுமரிக்கு வருவது 7. பின்னால் ஒரு ரோட்டைத் தேசிய நெடுஞ்சாலை ஆக்கினால், அண்டையில் உள்ள எண்ணுக்கு ஒரு வால் ஒட்டிவிடுவார்கள்: 45-ஏ, 45-பி, 45-சி என்று. விழுப்புரத்திலிருந்து வில்லியனூர், பாண்டி, கடலூர், சிதம்பரம் வழியாக நாகப்பட்டினம் போகும் ரோடு இப்படித்தான் 45-ஏ ஆயிற்று. ஸ்ரீநகரிலிருந்து குமரி முனைக்கு ஒரே நேராக வருகிறவர் 1-ஏ, 1, 2, 3, 75, 26, 7 என்று ஏழு பெயர்களைத் தாண்டி வர வேண்டியிருந்தது!

2010 மார்ச்சில் மத்திய சர்க்கார் இந்தப் பழைய கணக்கையெல்லாம் அழித்துப் புதிதாக எண் போட்டது. வடக்கு தெற்காகப் போகும் பெரிய சாலைகளுக்கு இரட்டைப்படை. கிழக்குக் கோடியில் சிறிய எண்ணில் தொடங்கி, மேற்கே போகப் போக எண் ஏறும். கிழக்கு மேற்காகப் போகும் சாலைகளுக்கு ஒற்றைப்படை. வடக்கே சிறியதாகத் தொடங்கித் தெற்கே வர வர ஏறும்.

நம் சீமையிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். சென்னை, பாண்டி, கடலூர், காரைக்கால், நாகை என்று போய்த் தூத்துக்குடியில் முடியும் சாலை 32. அதற்கு மேற்கே விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம், தஞ்சாவூர் போவது 36. வேலூர், விழுப்புரம், திருச்சி என்று போவது 38. சேலம், கரூர் வழியாக இறங்குவது 44. ஸ்ரீநகர்-குமரி ரோடு இதுதான், ஏழு பெயரும் போய் ஒரே பெயர். மேற்குக் கடற்கரையை ஒட்டி மங்களூர், கோழிக்கோடு, கொச்சி என்று வருவது 66. குறுக்கே போகும் ரோடுகளைப் பாருங்கள்: கிருஷ்ணகிரி-திண்டிவனம் 77, சேலம்-உளுந்தூர்ப்பேட்டை 79, கோவையிலிருந்து திருச்சி வழியாகச் சிதம்பரம் 81, கோவையிலிருந்து தஞ்சை வழியாக நாகை 83, கொச்சியிலிருந்து மதுரை வழியாகத் தொண்டி 85, இராமேசுவரம் போவது 87. நவராத்திரிக் கொலுப்படி மாதிரி வரிசையாக இறங்கவில்லையா?

இனி நம் 332-க்கு வருவோம். மூன்று இலக்கம் இருந்தால் அது கிளைச் சாலை. கடைசி இரண்டு இலக்கம் தாய்ச் சாலையின் எண். முதல் இலக்கம் அந்த வீட்டுப் பிள்ளைகளில் இன்னது என்று காட்டுவது. ஆகவே 332 என்றால் 32-இன் மூன்றாம் எண்ணுள்ள பிள்ளை. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே உள்ளது 132. மாமல்லபுரத்திலிருந்து மரக்காணம் வழியாகப் பாண்டி வரும் கிழக்குக் கடற்கரைச் சாலை 332-ஏ. வால் ஒட்டும் வழக்கம் முழுக்கப் போய்விடவில்லை!

"விழுப்புரம் ரோடு கிழக்கு மேற்காகத்தானே போகிறது? அதற்கு ஏன் இரட்டைப்படை?" என்று கூர்மையான வாசகி ஒருத்தி கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒற்றை இரட்டை விதியெல்லாம் பெரிய சாலைகளுக்குத்தான். பிள்ளை எந்தத் திசையில் போனாலும் தாயின் இலக்கத்தைச் சுமந்தாக வேண்டும்.

மற்ற தேசங்களிலும் இந்தக் கணக்கு உண்டு. பிரான்சில் நெப்போலியன் 1811-இலேயே ராஜபாட்டைகளுக்கு எண் போட்டுவிட்டான். முக்கியமானவையெல்லாம் பாரிஸிலிருந்து கிளம்பும். இங்கிலாந்தில் லண்டனைச் சுற்றிக் கடிகார முள் போகும் திசையில் எண் ஏறும். அமெரிக்கர்கள் செய்ததுதான் வேடிக்கை. 1926-இல் போட்ட எண்கள் கிழக்கிலும் வடக்கிலும் சிறியதாகத் தொடங்கும். 1956-க்குப் பிறகு வந்த அதிவேகச் சாலைகளுக்கு அப்படியே தலைகீழாக, மேற்கிலும் தெற்கிலும் தொடங்கினார்கள். பழைய 10-ஆம் எண்ணும் புதிய 10-ஆம் எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் வந்து வழிப்போக்கரைக் குழப்பக் கூடாது என்ற முன்யோசனை!

அந்த முன்யோசனை நமக்குக் கொஞ்சம் இருந்திருக்கலாம். மேற்குக் கடற்கரையில் இருக்கிறதே 66, பழைய கணக்கில் அது நம் பாண்டியின் எண். பாண்டியிலிருந்து திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை வழியாகக் கிருஷ்ணகிரி போன சாலைக்குத்தான் அந்தப் பெயர். 2010-க்கு முந்திய தேசப்படம் ஒன்றை வைத்துக்கொண்டு இன்றைக்கு 66-ஐத் தேடுகிறவர் செஞ்சிக் கோட்டைக்குப் பதில் கோழிக்கோட்டுக்குப் போய்ச் சேருவார்.

சரி, இதையெல்லாம் வீட்டில் இருக்கும் நாம் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்? விழுப்புரத்திலிருந்து நாகப்பட்டினம் வரை நான்கு வழிச் சாலை போடும் திட்டம் வந்தபோது அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தது. சாலைக்கு நிலம் எடுக்க வேண்டுமானால், சட்டப்படி முதலில் கெஜட்டில் அறிவிப்பு வரவேண்டும். அதன் சாரத்தை உள்ளூரில் வரும் இரண்டு பத்திரிகைகளில் போட வேண்டும். அதில் ஒன்று உள்ளூர் மொழிப் பத்திரிகையாக இருக்க வேண்டும். கெஜட்டில் வந்த நாளிலிருந்து 21 நாளைக்குள் ஆட்சேபணையை எழுத்து மூலம் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு எழுதினால் கேட்பாரில்லை.

பாகூர்ப் பக்கம் ஒரு அம்மாள் என்று வைத்துக் கொள்ளுங்கள். புருஷன் வெளியூரில். காலையில் பத்திரிகையைப் பிரிக்கிறாள். "தேசிய நெடுஞ்சாலை எண்" என்று தொடங்கிப் பொடி எழுத்தில் ஒரு பக்கம் முழுவதும் அறிவிப்பு. அவளுக்குத் தெரிந்தது கடலூர் ரோடும் விழுப்புரம் ரோடும்தான். "யாருக்கோ வந்தது" என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறாள். அதே பக்கத்தில் நடுவில் அவளுடைய கிராமத்தின் பெயரும், சீதனமாக வந்த கால் காணியின் சர்வே எண்ணும் இருக்கின்றன! 21 நாள் என்பது ஒரு கலியாணத்துக்குப் போய்த் திரும்புவதற்குள் ஓடிவிடும்.

இதில் இன்னொரு சிக்கல். எண் மாறிப் பல வருஷம் ஆன பிறகும் இந்தத் திட்டத்தின் காகிதங்களில் "45-ஏ, புதிய எண் 332" என்றும், "45-ஏ, புதிய எண் 32" என்றும் இரட்டைப் பெயராகவே எழுதி வந்தார்கள். பழைய 45-ஏ இரண்டாகப் பிரிந்து, வில்லியனூர்ப் பக்கம் 332 ஆகவும் கடலூர்ப் பக்கம் 32 ஆகவும் ஆனதுதான் காரணம். ஆகவே வில்லியனூர், பாகூர் பக்கத்தில் நிலம் உள்ளவர்கள் மூன்று எண்களையும் சேர்த்தே பத்திரப் பெட்டியில் எழுதி வைப்பது நல்லது. கொடுக்கும் பணம் போதவில்லை என்றால் மத்திய சர்க்கார் நியமிக்கும் நடுவரிடம் முறையிடவும் இதே சட்டத்தில் வழி இருக்கிறது. அந்த மனுவிலும் ரோட்டின் பெயரைக் கேட்பார்கள். "எங்கள் ஊர் ரோடு" என்றால் ஒப்புக்கொள்வார்களா?

நிலம் இல்லாதவர்களுக்கும் எண்ணால் உபயோகம் உண்டு. தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டாலும் விபத்து நேர்ந்தாலும் 1033 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். "எந்த ரோடு, எத்தனையாவது கிலோமீட்டர்?" என்பார்கள். பக்கத்துக் கல்லைப் பார்த்துச் சொல்லிவிடலாம். தலையில் மஞ்சள் பூசிய கல் தேசிய நெடுஞ்சாலை. பச்சை பூசியது மாநிலச் சாலை. பிரான்சில் தேசியச் சாலைக் கல்லுக்குச் சிவப்புத் தலை. மஞ்சள் தலை அங்கே அதற்கு அடுத்த படிதான். நம் ஊரில் மஞ்சளுக்குத்தானே முதல் மரியாதை!

பாண்டியிலிருந்து மேற்கே போகும்போது பாருங்கள். வில்லியனூரும் அரியூரும் புதுச்சேரி. அடுத்த கண்டமங்கலம் தமிழ்நாடு. திருபுவனையும் மதகடிப்பட்டும் மறுபடி புதுச்சேரி. வளவனூர் மறுபடி தமிழ்நாடு. 1954 வரை இந்த ஒவ்வொரு எல்லையும் இரண்டு தேசங்களின் எல்லை. இன்று பஸ்ஸில் தூங்கிக்கொண்டே தாண்டிவிடுகிறோம். மூன்று தடவை ஆட்சி மாறினாலும் 332 மட்டும் மாறுவதில்லை.

வில்லியனூரிலிருந்து கரிக்கலாம்பாக்கம் வழியாகத் தெற்கே பாகூருக்குப் போகும் ரோட்டுக்கு இந்தத் தேசிய வரிசையில் எண் கிடையாது. வில்லியனூரில் அது பாகூர் ரோடு. பாகூரில் வில்லியனூர் ரோடு.