ஸ்டாம்பு அடிக்கப் போறீங்களா? கொஞ்சம் நில்லுங்க! – தாய்லாந்து விசாவும் மலேசிய எல்லையும்

"தம்பி, ஸ்டாம்பு அடிச்சிட்டு வரேன்னு ரயிலேறிப் போனவனை விசாவே இல்லைன்னு சொல்லிட்டாங்களாமே, என்னப்பா அது?"

கல்லூரியில் என்னோடு படித்த நண்பனின் அம்மா மன்னார்குடியிலிருந்து போனில் கேட்ட கேள்வி இது. அவருடைய மூத்த மகன் பாங்காக்கில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்ப்பவர். வேலை விசா, ஒர்க் பெர்மிட், ஒரு வருட தங்கும் அனுமதி எல்லாம் முறையாகக் கையில் இருந்தது. அறையில் உடன் தங்கியிருந்தவர்கள், "90 நாளைக்கு ஒரு தடவை மலேசியா எல்லைக்குப் போய் முத்திரை வாங்கிட்டு வரணும், எல்லாரும் அப்படித்தான் செய்றோம்" என்று சொல்லியிருக்கிறார்கள். அவரும் ராத்திரி ரயில் பிடித்துப் போயிருக்கிறார். திரும்பி வரும்போது தாய்லாந்து அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நீங்க வெளியே போனதோட உங்க பழைய அனுமதி முடிஞ்சு போச்சு" என்று சொல்லி, சுற்றுலாப் பயணிக்குப் போடும் முத்திரையைப் போட்டு அனுப்பிவிட்டார். சுற்றுலா முத்திரையில் வேலை பார்க்க முடியாது. கடைசியில் சென்னைக்கு வந்து புது விசா எடுத்துப் போவதற்குள் ஒன்றரை மாதச் சம்பளமும் விமான டிக்கெட் காசும் போனது.

அவர் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

உங்க விசா எந்த வகை?

தாய்லாந்தில் நீண்ட நாள் தங்குகிற நம்ம ஊர்க்காரர்களைப் பொதுவாக மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, ஒரு வருட மல்டிபிள் என்ட்ரி விசா வைத்திருப்பவர்கள். தொழில் விஷயமாக அடிக்கடி போய் வருபவர்கள், அங்கே குடும்பம் உள்ளவர்கள் போன்றோர். இவர்களுக்கு விசா ஒரு வருடம் செல்லும். ஆனால் ஒவ்வொரு முறை உள்ளே நுழையும்போதும் 90 நாள்தான் தங்க விடுவார்கள். அதற்குள் நாட்டை விட்டு வெளியே போய்த் திரும்ப நுழைந்தால் இன்னொரு 90 நாள் கிடைக்கும். எல்லைப் பயணம் உண்மையில் தேவைப்படுவது இவர்களுக்குத்தான்.

இரண்டாவது வகை, நண்பனின் அண்ணனைப் போல, உள்ளூர் குடிவரவு அலுவலகத்தில் 1,900 பாட் கட்டி ஒரு வருட நீட்டிப்பு வாங்கியவர்கள். இவர்கள் எல்லைக்குப் போகவே வேண்டாம்! 90 நாளுக்கு ஒரு முறை "நான் இந்த முகவரியில்தான் இருக்கிறேன்" என்று தெரிவித்தால் போதும். டிஎம் 47 என்று ஒரு படிவம். ஆன்லைனிலேயே அனுப்பலாம், நேரில் போனாலும் கட்டணம் கிடையாது. 90வது நாளுக்கு 15 நாள் முன்பிருந்து, நேரில் என்றால் 7 நாள் பின்பு வரை அவகாசம் உண்டு. தவறவிட்டு நீங்களாகவே போய்ச் சொன்னால் 2,000 பாட் அபராதம். இந்த 90 நாளையும் முதல் வகைக்காரர்களின் 90 நாளையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்வதுதான் பாதிப் பிரச்சினைக்குக் காரணம். பெயர் ஒன்று, சங்கதி வேறு.

இரண்டாம் வகைக்காரர்கள் தீபாவளிக்கு ஊருக்கு வரவோ, மலேசியாவில் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போகவோ வெளியே போகத்தான் செய்வார்கள். அப்போது கிளம்புவதற்கு முன்பே ரீ-என்ட்ரி பெர்மிட் வாங்கியிருக்க வேண்டும். டிஎம் 8 படிவம். ஒரு முறைக்கு 1,000 பாட், பல முறைக்கு 3,800 பாட். ஒரு பாட் நம்ம காசில் ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 1,000 பாட் பெர்மிட் இல்லாமல் எல்லையைத் தாண்டிய நொடியிலேயே ஒரு வருட அனுமதி காலி. நண்பனின் அண்ணன் கதை இதுதான். பெரிய விமான நிலையங்களில் கிளம்பும்போதே வாங்கிக்கொள்ள வசதி உண்டு. தரைவழி எல்லையில் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், ஊரிலேயே வாங்கிவிடுங்கள்.

மூன்றாவது வகை, விசா இல்லாமல் சுற்றுலாவாகப் போனவர்கள். 2024 ஜூலை 15 முதல் இந்தியர்களுக்கு 60 நாள் விசா விலக்கு என்று தாய்லாந்து அறிவித்தது.  "60 நாளைக்கு ஒரு தடவை பார்டர் போய்ட்டு வந்தா போதும், அப்படியே வேலை பார்க்கலாம்" என்று எந்த ஏஜென்ட்டாவது சொன்னால், அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். 2025 நவம்பரில் தாய்லாந்து குடிவரவுத் துறை இந்த மாதிரிப் போய்த் திரும்புபவர்களைத் திருப்பி அனுப்புவோம் என்றே அறிவித்துவிட்டது. சலுகை நாட்களும் விதிகளும் மாறிக்கொண்டே இருப்பவை. பழைய யூடியூப் வீடியோவை நம்பாமல், கிளம்பும் வாரத்தில் சென்னையில் உள்ள தாய்லாந்து துணைத் தூதரகத்தின் தளத்தைப் பாருங்கள்.

முத்திரையில் இருக்கும் இரண்டு தேதிகள்

சரி, நீங்கள் முதல் வகை. பாஸ்போர்ட்டைக் கையில் எடுங்கள்.

விசாவில் ஒரு கடைசித் தேதி இருக்கும். அந்தத் தேதிக்குள் உள்ளே நுழையலாம் என்பதுதான் அதன் அர்த்தம். அதுவரை தங்கலாம் என்று அர்த்தமில்லை. எதுவரை தங்கலாம் என்பது, நீங்கள் கடைசியாக நுழைந்தபோது அடித்த முத்திரையில் இருக்கும். இரண்டையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, முத்திரைத் தேதிக்குப் பத்து நாள் முன்னால் ஒரு அலாரம் வையுங்கள்.

இதில் ஒரு நல்ல விஷயமும் இருக்குங்க. ஒரு உதாரணம் பாருங்கள். விசா 2026 ஜனவரி 9 வரை செல்லும் என்று இருந்தது. ஜனவரி 5ஆம் தேதி வெளியே போய் அன்றே திரும்பியிருந்தால் அதிலிருந்து 90 நாள், அதாவது ஏப்ரல் 4 வரை தங்கலாம். ஒரு வருட விசாவில் கிட்டத்தட்ட 15 மாதம் சட்டப்படி இருந்துவிடலாம். ஆனால் 90 நாள் என்பது மூன்று மாதம் இல்லை. நுழைந்த நாளும் கணக்கில் சேரும். "ஜனவரி 5ல வந்தேன், ஏப்ரல் 5ல கிளம்பறேன்" என்றால் ஒரு நாள் அதிகம்.

அதிகத் தங்கலுக்கு நாளொன்றுக்கு 500 பாட், அதிகபட்சம் 20,000 பாட் அபராதம். பணத்தோடு போனால் பரவாயில்லை. 90 நாளுக்கு மேல் அதிகமாகத் தங்கிவிட்டு, தானாகவே வெளியேறினால்கூட ஒரு வருடம் உள்ளே வரத் தடை. வழியில் போலீஸ் சோதனையில் பிடிபட்டால், அதிகத் தங்கல் ஒரு வருடத்துக்குக் குறைவாக இருந்தாலும் ஐந்து வருடத் தடை.

எந்த எல்லை?

தாய்லாந்துக்கு நான்கு பக்கம் தரை எல்லை உண்டு. நமக்குச் சிக்கனமானது மலேசியாதான், காரணம் எளிது. மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு 30 நாள் விசா விலக்கு கொடுத்திருக்கிறது. 2026 டிசம்பர் 31 வரை அது நீட்டிக்கப்பட்டுள்ளது. லாவோஸ் என்றால் விசாக் கட்டணம் கட்ட வேண்டும். கம்போடியத் தரை எல்லை 2025 மே மாதத்தில் தொடங்கிய மோதலில் மூடப்பட்டது. மியான்மர் பக்கம் போகவே வேண்டாம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

பாங்காக்கிலிருந்து தெற்கே போகும் இரவு ரயில் ஒன்று நேராக எல்லை ஊரான பாடாங் பெசார் வரை போகிறது. அதில் இடம் கிடைக்காவிட்டால் ஹட் யாய் வரை ஏதாவது ரயிலில் போய், அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எல்லைக்குக் கொண்டுபோய் விடும் சின்ன ரயிலைப் பிடிக்கலாம். அதற்கு டிக்கெட் சுமார் 50 பாட்தான், ஒரு நாளில் இரண்டு நடைதான். பாடாங் பெசாரின் வசதி என்னவென்றால், இரண்டு நாட்டு குடிவரவு கவுன்ட்டர்களும் ஒரே ரயில் நிலையக் கட்டடத்துக்குள் இருக்கின்றன. தாய்லாந்து கவுன்ட்டரில் வெளியேறும் முத்திரை, பத்தடி நடந்தால் மலேசியாவின் நுழைவு முத்திரை. சாலை வழியாக சடாவ் எல்லையில் போனால் இரண்டு சாவடிக்கும் நடுவே வெயிலில் நடக்கவோ வண்டி பிடிக்கவோ வேண்டும். விடுமுறை நாட்களில் கூட்டமும் தாங்காது.

அன்றே திரும்பலாம்தான். ஆனால் ஒரு இரவு தங்குவது நல்லது என்பது என் கருத்து. போன வேகத்தில் திரும்பி வருகிறவரிடம்தான் கேள்வி அதிகம் வரும். பாடாங் பெசாரிலிருந்து பட்டர்வொர்த்துக்கு இரண்டு மணி நேர மின்சார ரயில், சுமார் 12 ரிங்கிட். அங்கிருந்து பினாங்குத் தீவுக்குப் படகு, 2 ரிங்கிட். ஜார்ஜ் டவுனில் இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் லிட்டில் இந்தியா. குயின் தெரு மாரியம்மன் கோயில், வாழை இலைச் சாப்பாடு, தமிழில் விலை சொல்லும் கடைக்காரர்கள். மூன்று மாதமாக ஒட்டும் சோறு சாப்பிட்டவர்களுக்கு இந்தப் பயணத்தின் உண்மையான லாபம் இதுதான் என்று அண்ணன் சொன்னார்!

ஒரு எச்சரிக்கை: மலேசிய நேரம் தாய்லாந்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். போனில் சிக்னல் எந்த நாட்டுடையதோ அதற்கேற்ப மணி மாறும். கடைசி ரயிலை விட்டவர்களைக் கேட்டால் தெரியும்.

போனிலேயே முடிக்க வேண்டிய இரண்டு வேலைகள்

மலேசியாவுக்குள் நுழைவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையைப் பூர்த்தி செய்ய வேண்டும். தாய்லாந்துக்குத் திரும்பும்போது தாய்லாந்து டிஜிட்டல் வருகை அட்டை. இது 2025 மே 1 முதல் தரைவழியாக வருபவர்களுக்கும் கட்டாயம், இதற்கும் மூன்று நாள் அவகாசம்தான். இரண்டும் முற்றிலும் இலவசம். ஆனால் கூகுளில் தேடினால் காசு கேட்கும் போலித் தளங்கள் மேலே வந்து நிற்கும். தாய்லாந்து அரசுத் தளத்தின் முகவரி 'ஜிஓ டாட் டிஎச்' என்று முடியும். மலேசியாவுடையது 'ஜிஓவி டாட் எம்ஒய்'. இந்த முடிவு இல்லையென்றால் கார்டு நம்பரைத் தட்டாதீர்கள். வந்த க்யூஆர் குறியீட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், எல்லையில் நெட் கிடைக்காமல் போகலாம்.

பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்கட்டும், வெற்றுப் பக்கங்கள் இருக்கட்டும். 20,000 பாட் வரை ரொக்கம் காட்டச் சொல்லி அதிகாரி கேட்கலாம். செலவழிக்க அல்ல, காட்ட மட்டும். தங்கும் முகவரி, நிறுவனக் கடிதத்தின் நகல் இவற்றையும் எடுத்துப் போங்கள்.

விசாவே முடிந்து புது விசா தேவைப்படுபவர்களுக்கு நிலைமை மாறிவிட்டது. முன்பெல்லாம் பினாங்கில் உள்ள தாய்லாந்து துணைத் தூதரகத்தில் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு மறுநாள் வாங்கிக்கொள்வார்கள். 2025 ஜனவரி 1 முதல் எல்லாத் தாய்லாந்து தூதரகங்களிலும் மின் விசாதான். ஆன்லைனில் விண்ணப்பித்து, பதில் வரும்வரை நீங்கள் அந்த நாட்டிலேயே இருக்க வேண்டும். அறை வாடகையை அதற்கேற்பக் கணக்குப் போடுங்கள்.

"நீங்க வர வேண்டாம், பாஸ்போர்ட் மட்டும் கொடுங்க"

சில இடங்களில் இப்படி ஒரு சேவை நடக்கிறது. பாஸ்போர்ட்டை மட்டும் எடுத்துப்போய் முத்திரை வாங்கித் தருவார்களாம். ரயில் செலவைவிட மலிவு என்பார்கள். தயவுசெய்து வேண்டாம். ஆள் தாண்டாமல் விழும் முத்திரை போலியானது. கம்ப்யூட்டரில் உங்கள் நுழைவுப் பதிவு இருக்காது. மாட்டினால் ஏஜென்ட் இருக்க மாட்டார், நீங்கள்தான் இருப்பீர்கள். வழக்கும் சிறையும் உங்களுக்குத்தான்.

மியான்மர் எல்லை விஷயம் இன்னும் மோசம். தாய்லாந்தில் ஐடி வேலை என்று அழைத்துப்போய், "விசா மாத்தணும், எல்லை வரைக்கும் போய்ட்டு வரலாம்" என்று காரில் ஏற்றி, மே சோட் வழியாக ஆற்றைக் கடத்தி, இணைய மோசடிக் கூடாரங்களில் அடைத்துவைத்த சம்பவங்கள் நடந்திருக்கின்றன. 2025 மார்ச் மாதத்தில் அப்படிச் சிக்கிய 500க்கும் மேற்பட்ட இந்தியர்களை மே சோட்டிலிருந்து விமானப்படை விமானங்களில் மீட்டு வந்தார்கள். உங்களை யாராவது எல்லைக்கு அழைத்துப் போனால், எந்த ஊர் என்று கேளுங்கள். வரைபடத்தில் அந்த ஊர் மேற்கே இருந்தால் வண்டியில் ஏறாதீர்கள். லைவ் லொகேஷனை வீட்டுக்கு அனுப்புங்கள். பாஸ்போர்ட்டை யார் கையிலும் கொடுக்காதீர்கள்.

ஈ.சி.ஆர். பாஸ்போர்ட் உள்ளவர்கள் தாய்லாந்துக்கோ மலேசியாவுக்கோ வேலைக்குப் போவதற்கு முன் குடியேற்ற அனுமதி பெற வேண்டும். அழைக்கும் ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை இ-மைக்ரேட் தளத்தில் இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

சந்தேகமோ சிக்கலோ இருந்தால் தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறையின் உதவி மையத்தை அழையுங்கள். இந்தியாவுக்குள் கட்டணமில்லா எண் 1800 309 3793. வெளிநாட்டிலிருந்து +91 80690 09901 எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் அவர்களே அழைப்பார்கள். வீட்டில் இருக்கும் பெற்றோரும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். மன்னார்குடி அம்மாவின் போனில் இந்த எண்ணைப் பதிந்து கொடுத்துவிட்டேன். அண்ணனின் புது நீட்டிப்பு வந்துவிட்டது. அடுத்த பொங்கலுக்கு வருவதற்கான ரீ-என்ட்ரி பெர்மிட்டை இப்போதே வாங்கி, படம் எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்.