இரண்டாவது கிரயம்

சுவேத நதி பாயும் கெங்கவல்லி வட்டாரத்தில், மரவள்ளிக் கிழங்கு விற்ற பணத்தில் கொஞ்சம் மிச்சம் பிடித்த குடியானவர், அதைச் சாலையோரத்து மனையொன்றில் போட்டுவைக்க விரும்புவது இயல்பே. ஆனால் மண்ணை நம்பியவரையும் அதன் தஸ்தாவேஜு கைவிடக்கூடும் என்பதைத் தமிழ்நாட்டின் எண்ணற்ற குடும்பங்கள் 2016-ஆம் ஆண்டில்தான் அனுபவபூர்வமாக அறிந்தன.

விளைநிலத்தைச் சமன்செய்து, கல் நட்டு, 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று சொல்லி விற்ற மனைகள் அதற்கு முன் ஏராளம். ஊராட்சித் தலைவரின் கையொப்பம் மட்டும் நகர் ஊரமைப்பு இயக்கக அங்கீகாரத்துக்கு ஈடாகாது என்பதை வாங்கியவர்களில் பலர் அறியார். அவ்வாண்டு செப்டம்பர் 9-ஆம் தேதி, அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவுசெய்யலாகாதென்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. மகளின் கல்யாணத்துக்கென வாங்கிப்போட்ட மனை விற்கவியலாத பண்டமாயிற்று. 2017 மே மாதம் வரன்முறை விதிகள் வந்து ஒரு வழி பிறந்தது; ஆயினும் கட்டணச் சுமை பெரும்பாலும் வாங்கியவர் தலையிலேயே விழுந்தது. இவர்களைப் பேராசைக்காரர் என்று ஏசுவது அநியாயம் என்பதே என் அபிப்பிராயம்.

முதல் நஷ்டத்தில் பாடம் கற்றவர், இரண்டாவது கிரயத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து தொடங்குகிறார். முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்து, மூலப் பத்திரத்தை வக்கீலிடம் காட்டி, பட்டாவிலுள்ள சர்வே எண்ணையும் விஸ்தீரணத்தையும் பத்திரத்தோடு ஒப்பிட்டு, சர்வேயரைக் கொண்டு அளந்த பிறகே அட்வான்ஸ் கொடுக்கிறார். வெறும் பவர் பத்திரத்தால் சொத்துரிமை மாறாதென்று 2011-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியதையும், 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய மனைப்பிரிவுக்கு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு வேண்டுமென்பதையும் அவர் அறிவார்.

ஆனால் வில்லங்கச் சான்றிதழோடு திருப்தியடைந்துவிடக் கூடாது. பதிவான தஸ்தாவேஜுகள் மட்டுமே அதில் தெரியும். அண்ணன் தம்பிகள் வாய்ப்பேச்சாகப் பிரித்துக்கொண்ட பூர்வீக நிலத்தில், கட்டிக்கொடுத்த சகோதரிக்கும் உரிமை இருக்கலாம். மகளுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பங்குண்டென்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்துவிட்டது. எங்கள் கிராமங்களில் அவளுடைய கையெழுத்தை ஒரு சம்பிரதாயமாக எண்ணிவிடுகிறார்கள். பிற்பாடு வரும் வழக்குகளில் அதுவே உயிர்நாடியாகிறது. ஆகையால் வாரிசுச் சான்றிதழைக் கேட்டு வாங்கி, அதில் கண்ட பெயர்கள் அத்தனையும் கிரயப் பத்திரத்தில் இருக்கின்றனவா என்று பார்ப்பது அவசியம்.

செலவுக் கணக்கையும் முன்கூட்டியே போட்டுவிட வேண்டும். முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, 2023 முதல் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. ஆக, மனையின் விலை நூற்றுக்கு ஒன்பது ஏறினால்கூட வாங்கியவருக்கு லாபமொன்றும் நிற்காது. ஓராண்டில் விற்றுவிடலாமென்று வட்டிக்குக் கடன் வாங்கி மனை வாங்க நினைப்பவர், கிரயம் பேசுவதற்கு முன்னரே இந்த எண்களைத் தாளில் எழுதிப் பார்க்கட்டும்.